வீட்டில் இல்லாதவரின் அபிப்பிராயம்

கேள்வி கேட்டுப் பிழைக்கிற தொழிலில் பதில் கிடைக்காத நாள் ஒன்றும் கெட்ட நாள் அல்ல. கிடைத்த பதிலை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் தெருவில் நிற்கிற நாள்தான் கெட்ட நாள்.

கையில் டப் என்கிற தட்டைக் கணினியையும் தோளில் தண்ணீர்ப் போத்தலையும் கொழுவிக்கொண்டு வெயிலுக்குள் வீட்டுப் படலை படலையாகத் திரிந்த சக பாவிகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாய் துரத்தியிருக்கும். வீட்டுத்திட்டம் தருகிற ஆளென்று நினைத்து இளநீர் வெட்டித் தந்திருப்பார்கள். இல்லையென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். வன்னியில் இன்னும் ஒன்று உண்டு. டப்பைக் கண்டதும் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் பைலை எடுத்துக்கொண்டு வருவார். பிறப்புப் பத்திரம், காணித் துண்டு, முகாமில் தந்த அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். அத்தனை இடப்பெயர்விலும் அரிசியை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். நீங்கள் என்ன கேட்க வந்தீர்கள் என்பது அவர்களுக்கு இரண்டாவது விஷயம். முதலில் பைல் வரும்.

நான் கேட்கப் போனது இதை. எங்கள் நாட்டுக்குக் கிட்டவும் எட்டவுமாகச் சில நாடுகள் கூடி ஒரு ஒன்றியம் வைத்திருக்கின்றன. பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றி அயல்நாட்டுச் சனம் என்ன நினைக்கிறது என்று அறிய ஒரு ஆய்வு. வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சி தந்து, கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் என் தலையில் கட்டினார்கள். நான் ஸ்கந்தபுரத்துக்காரன். ஊர் உலகம் தெரிந்தவன், சுகமாகச் செய்துவிடுவேன் என்று நினைத்தேன். ஊர் தெரிந்ததுதான் வினையாகப் போனது.

பதினொரு வீடு

முல்லைத்தீவுப் பக்கத்தில் கடலுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை. சந்தியிலிருந்து வலக்கைப் பக்கமாக எண்ணிக்கொண்டு போய் ஒவ்வொரு மூன்றாவது வீட்டிலும் கேட்கவேண்டும் என்பது விதி. எண்ணத் தொடங்கும் முன் மொத்த வீடு எத்தனை என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதவும் வேண்டும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவைக் கேட்டேன். பதினொன்று என்றார். ஒழுங்கையின் கடைசி அந்தலை நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எத்தனை தரம் எண்ணினாலும் ஏழுதான் வந்தது. என் முழியைப் பார்த்துவிட்டு அவரே வலையை வைத்துவிட்டு எழும்பி என்னோடு நடந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மூன்றாவது வீடு என்று அவர் காட்டியது வெறும் வளவு. கொஞ்சம் அத்திவாரக் கல்லும் ஒரு கிணறும் இருந்தன. ஆனால் வேலி புதிதாக அடைத்திருந்தது, படலை போட்டிருந்தது. முற்றம் முழுக்க விளக்குமாற்றுக் கோடுகள், அன்று விடியக் கூட்டியவை. அந்தக் கோடுகளின் மேல் ஒரு காலடி கூட இல்லை. யார் கூட்டுகிறார்கள் என்று கேட்டேன். ஒழுங்கைக்காரர் முறைவைத்துக் கூட்டுகிறார்களாம். உள்ளிருந்து பின்பக்கமாக நடந்து கூட்டிக்கொண்டே படலைக்கு வெளியில் வந்துவிடுவார்களாம், அதனால்தான் கால் பதிவதில்லையாம். அந்த வீட்டில் இருந்த ஆறு பேரும் ஒரே நாளில் போனவர்கள். இல்லாத வீட்டை நான் எண்ணமுடியாது ஐயா என்று மெல்லச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"வீடு இல்லையெண்டு சொல்லாதேங்கோ தம்பி. ஆக்கள்தான் இல்லை. நீங்கள் படலையில நிண்டு கேள்வியைக் கேட்டுப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கோ."

பட்டரி

தர்மபுரத்துக்குப் போகிற வழியில் தெருவோரம் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார் ஒரு கமக்காரர். அவருடைய வீடு என் கணக்கில் விழுந்தது. மனிதர் நல்ல கலகலப்பு. முதலாவது கேள்வி லேசானது. இந்த ஒன்றியத்தைப் பற்றிக் கடைசியாக எப்போது கேள்விப்பட்டீர்கள்? போன கிழமை, போன மாதம், போன வருடம், கேள்விப்பட்டதே இல்லை என்று நாலு விடை. அவர் நாலையும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அன்றைக்கு என்ன நாள் என்று இரண்டு பேரும் கதைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பங்கர்ப் பிள்ளையை மண்ணால் மூடிவிட்டு வந்த மற்ற நாள் என்றார் மனைவி. இல்லை, அதற்கு முதல் நாள் என்றார் இவர். மழை பெய்ததா இல்லையா என்பதில் இழுபறிப்பட்டு, கடைசியில் மனைவி சொன்னதுதான் சரியென்று முடிவானது.

அவர்கள் சிரித்துக்கொண்டுதான் கதைத்தார்கள். நான் எந்த இலக்கத்தை அமத்துவதென்று தெரியாமல் டப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேள்விப்பட்ட இடம் எது என்று அடுத்த கேள்வி இருந்தது. தொலைக்காட்சி, பத்திரிகை, கைத்தொலைபேசி, நண்பர் என்று விடைகள் இருந்தன. வானொலியும் இருந்தது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அவர் சொன்ன பதிலில் வானொலி ஒரு சொல்தான்.

"அவை ஆழ்ந்த கவலை தெரிவிச்சவை எண்டு பங்கருக்குள்ள இருந்து றேடியோவில கேட்டனாங்கள். அதோட பட்டரி முடிஞ்சுது. இப்பவும் கவலைப்படுகினமோ எண்டு நீங்கள்தான் விசாரிச்சுச் சொல்லவேணும்."

ஒரே உலை

தர்மபுரத்தில் புவனேஸ்வரி அம்மாவின் வீடு. வாய்க்கால் ஓரமாக, வீட்டுத்திட்டத்தில் கட்டியது, இரண்டு அறை. அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பைலையும் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் உள்ள வயதுவந்தவர்களின் பெயர்களை நான் டப்பில் போடவேண்டும். போட்டதும் அதுவே ஒருவரைத் தெரிவு செய்யும். அவர்தான் பதில் சொல்லவேண்டும், வேறு ஒருவரும் அவருக்காகச் சொல்லமுடியாது. யார் யார் வீட்டு ஆட்கள் என்பதற்கு ஒரு விளக்கமும் பயிற்சியில் தந்தார்கள். ஒரே உலையில் சோறு தின்கிறவர்கள் எல்லாரும் ஒரு வீடு. அதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

மூன்று பெயர் சொன்னார். தான், மகள் கவிதா, மகன் சுதாகரன். கவிதாவுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. மகனின் வயதைக் கேட்டேன். முப்பத்தெட்டு முடிந்து முப்பத்தொன்பது நடக்கிறது என்றார், யோசிக்காமல். படிப்பு உயர்தரம். தொழில் என்ன என்றதற்கு, அது வந்தபிறகுதான் தெரியும் என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெயர்களைப் போட்டு அமத்தினேன். டப் சுதாகரனைத் தெரிவு செய்தது. ஆள் எங்கே அம்மா என்றேன். அவர் பைலைத் திறந்து மேலாக இருந்த படத்தைக் காட்டினார். மீசை அரும்பின ஒரு பெடியன். சண்டையின் கடைசியில், வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து இராணுவத்திடம் பதிந்தவர்களின் வரிசையிலிருந்து அவனை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இன்னும் கொண்டுவந்து விடவில்லை.

ஆள் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று டப் கேட்கும். ஒன்று, வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார். இரண்டு, வெளிநாட்டில். மூன்று, கடும் நோய். நான்கு, இறந்துவிட்டார். அவ்வளவுதான் இருந்தது. நான்கை அமத்தினால் பெயர் அழிந்துபோய் மற்ற இரண்டு பேரில் ஒருவர் தெரிவாவார், பத்து நிமிடத்தில் வேலை முடியும். இந்தப் பெயரை எடுத்துவிட்டு முதலிலிருந்து பதியட்டோ அம்மா என்று கேட்டேன். கேட்ட வாயை அடிக்கவேண்டும். இத்தனை வருடத்தில் தன் கைக்கு வந்த ஒரு படிவத்திலும் அவனுடைய பெயரை விட்டதில்லை என்றார். ஒரு இடத்தில் விட்டால் அதையே காட்டி மற்ற எல்லா இடத்திலும் கதையை முடித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் ஞாயமானது என்பது எனக்கும் தெரியும். பிறகு நான் படித்த விளக்கத்தையே எனக்குத் திருப்பித் தந்தார்.

"ஒரே உலையெண்டுதானே சொன்னனீங்கள் தம்பி. அவனுக்கும் சேர்த்துத்தான் நான் அரிசி போடுறனான்."

எத்தனை துண்டு

ஒன்றை அமத்திவிட்டு வந்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று தரம் போகவேண்டும், வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில். அதற்கிடையில் மற்ற வீடுகள்.

எங்கள் ஸ்கந்தபுரத்திலேயே ராமையா அண்ணனின் வீடு விழுந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நாடுகள் தனித்தனியாக நிற்பது நல்லதா, கூடி முடிவெடுப்பது நல்லதா என்று ஒரு கேள்வி. அவர் அந்த ஒன்றியத்தில் உள்ள நாடுகளின் பெயரையெல்லாம் ஒருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். இரண்டு கையும் மடிந்தது. அவர் பிறகு கையை விரிக்கவேயில்லை, முழங்காலில் வைத்தபடியே சொன்னார்.

"ரெண்டு நாடு கூடிப் பேசி கையெழுத்து வச்சப்ப எங்க அண்ணன் கப்பல்ல அந்தப் பக்கம் போனான், நான் இந்தப் பக்கம் நின்னேன். இத்தனை நாடு கூடிப் பேசினா நாங்க எத்தனை துண்டாப் போவோம்னு சொல்லுங்க தம்பி, அப்புறம் நான் பதில் சொல்றேன்."

மூடின பிறகு

மாங்குளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர். கேள்வி தொடங்குமுன் ஒரு அறிவித்தலை வாசிக்கவேண்டும். நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று பார்க்க டப் இடையிடையே ஒலிப்பதிவு செய்யும், எப்போது செய்யும் என்று எங்களுக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் மனிதர் துணியால் மேசையைத் துடைத்தார். பிறகு எந்தக் கேள்விக்கும் மிக நல்லம் என்றார். ஒன்றியத்தின் வியாபாரக் கொள்கை மிக நல்லம். பாதுகாப்பு மிக நல்லம். மனித உரிமை மிக மிக நல்லம். இப்படி ஒரு பதிலை எந்த நாட்டிலும் எந்த அரசாங்கத்துக்கும் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, டப்பைப் பார்த்துச் சொன்னார்.

முடித்து, டப்பை உறையில் போட்டு, உறையின் சிப்பை இழுத்து மூடினேன். அவர் முன்னுக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, குரலைத் தாழ்த்தி, இனி உண்மையைச் சொல்லுகிறேன் என்றார். வாய் திறந்த நேரம் உறைக்குள்ளிருந்து ஒரு சின்ன வெளிச்சம் எழுந்தது. ஏதோ குறுஞ்செய்தி வந்திருக்கும். இரண்டு பேரும் அந்தத் துணி உறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் அணைந்தது. அவர் எழும்பிக் கதிரையைப் பழைய இடத்தில் வைத்தார்.

"ஒண்டுமில்லை தம்பி. பிளேன்ரீக்குச் சீனி போதுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அவன் என்ன சொல்லுவான்

இரண்டாம் தரம் தர்மபுரத்துக்குப் போனது ஒரு மத்தியானம். கவிதா வேலைக்குப் போயிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, தெருவில் சனம் இல்லை. அம்மா என்னைக் கண்டதும், அவன் இன்னும் வரவில்லை தம்பி, ஆனால் இவ்வளவு தூரம் வந்த உங்களைச் சும்மா அனுப்பக்கூடாது, கேளுங்கோ, அவன் என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியும் என்றார். விதிக்கு மாறானது என்றேன். பதிய வேண்டாம், சும்மா கேளுங்கோ என்றார். வீட்டு இலக்கத்தைத் திறந்து ஒன்றை அமத்திவிட்டு, அவருடைய மனம் ஆறட்டும் என்று கேட்டேன்.

ஒன்றியத்தில் எவ்வளவு நம்பிக்கை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவேண்டும். அம்மா மகனுக்கென்று விட்டிருந்த அறையின் வாசலில் திரையாகத் தொங்கிய சீலையின் பக்கம் தலையைத் திருப்பி, காது கொடுக்கிற மாதிரி இருந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பி, இரண்டு என்றார். அடுத்த கேள்விக்கும் அப்படித்தான். கேட்டேன், திரும்பினார், பார்த்திருந்தார், பதில் வந்தது. ஒரு கேள்விக்குத் தலையை ஆட்டி, அது அவனுக்கு விளங்கவில்லையாம், திருப்பிக் கேளுங்கோ என்றார். நான் திருப்பிக் கேட்டேன். இந்த முறை கொஞ்சம் பலமாகக் கேட்டேன். அறைக்குள் கேட்கும்படியாக என்று இப்போதுதான் விளங்குகிறது.

கடைசிக் கேள்வி, எங்கள் பகுதியில் நடந்தவற்றுக்கு ஒரு நீதி கிடைக்க இந்த ஒன்றியம் வரும் பத்து வருடத்தில் உதவும் என்று நினைக்கிறீர்களா என்பது. அம்மா சீலையைப் பார்த்தார். சீலை அசையவில்லை. அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. பிள்ளை பகிடி விட்டால் தாய்க்கு வருகிற சிரிப்பு அது. எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது, வெட்கத்தில் எழும்பாமல் இருந்தேன்.

"அவன் சிரிக்கிறான் தம்பி. சிரிப்புக்கு எத்தனையாம் இலக்கம்?"

வவுனியாவிலிருந்து அழைப்பு

எங்கள் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சரிபிழை பார்ப்பதற்கு வவுனியாக் கந்தோரில் மேனகா என்றொரு பிள்ளை இருந்தாள். ஹட்டன் பக்கத்துக் குடும்பம், வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். கேள்வியில் ஒரு சொல்லை விழுங்கினாலும் பிடித்துவிடுவாள். தர்மபுரத்துக்குப் போய்வந்த இரண்டாம் நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வீட்டு இலக்கத்தைத் திறந்தால் டப் தன்பாட்டில் பதியத் தொடங்கக்கூடும் என்பதை நான் மறந்துபோனேன். பதிலளிக்க வேண்டியவர் இல்லை என்று போட்ட வீட்டில் ஏன் கேள்வி கேட்டீர்கள் என்று கேட்பாள், திட்டு விழும் என்று நினைத்து, சொல்லவேண்டிய பொய்யையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அதை அவள் கேட்கவில்லை. அந்தப் பதிவை மூன்று தரம் போட்டுக் கேட்டாளாம். காதுக்குள் மாட்டுகிறதைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டியும் கேட்டாளாம். ஒரு காகம் கத்துகிறது, தூரத்தில் உழவு இயந்திரம் ஒன்று போகிறது, வேறு ஒன்றும் இல்லை என்றாள். என்னுடைய மற்றப் பதிவுகளில் ஆள் பதில் சொல்லக் கொஞ்சம் சுணங்கினாலே நான் கேள்வியைத் திருப்பிச் சொல்லி அவசரப்படுத்துவேனாம். இதில் அப்படியில்லையாம். குரலில் பயம் இருந்தது. சின்னப் பிள்ளை, பாவம்.

எங்கள் வீட்டில், அதே சண்டையில் காணாமல்போன என் அண்ணனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டோம். காணி அலுவலுக்குத் தேவை என்று அப்பா கையெழுத்து வைத்தார், நான் சாட்சி வைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் அண்ணனைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அந்தச் சான்றிதழ் ஒரு ஆளை முடித்துவிடவில்லை, எங்கள் வாயைத்தான் முடித்தது. அதையெல்லாம் அறியாமல்தான் மேனகா கேட்டாள்.

"அந்தம்மா பேசாம இருக்காங்க, சரி. நீங்களும் பேசாம இருக்கீங்கண்ணா. ஒவ்வொரு கேள்விக்கும் அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் யாருக்குக் காத்துக்கிட்டிருந்தீங்க?"

மூன்றாம் தரம்

மூன்றாம் தரம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். படலையில் கவிதா நின்றாள். என்னை உள்ளே விடாமல் தெருவுக்கு வந்தாள். களைத்த முகம், ஆனால் கதை தெளிவு. நான் போய்வந்த நாளிலிருந்து அம்மா அறைக்குள் தனியாகக் கதைப்பது கூடிவிட்டதாம். இரவில் சாப்பாட்டுக்கு மூன்றாவது கோப்பையும் எடுத்து வைக்கிறாவாம். தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் மூன்று பேர் கொண்ட வீடு என்றுதான் சொல்லுகிறாவாம், வந்தவர்கள் சீலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். அவளைப் பிழை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் அதைச் செய்தவன்தானே. அவள் டப்பைக் காட்டிச் சொன்னாள்: "நாலை அமத்துங்கோ அண்ணா. அம்மாவுக்குத் தெரியவேண்டாம். பிறகு உங்கட கேள்வி எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லுறன். ஒரு இடத்திலயாவது இது முடியட்டும்."

உள்ளே போய் இருந்தோம். அம்மா எதிர்க் கதிரையில் பைலோடு இருந்தார், கவிதா என் முதுகுப்பக்கம் நின்றாள். வீட்டு இலக்கத்தைத் திறந்தேன். சுதாகரன், ஆண், முப்பத்தெட்டு. ஏன் இல்லை என்று டப் கேட்டது. விரல் நான்கின் மேல்தான் நின்றது, பொய் சொல்லமாட்டேன். ஒரு தரம் தொட்டால் ஒரு குமருக்கு வாழ்வு வரும் என்றும் பட்டது. தொட்டுவிட்டு இந்த அம்மாவிடம் எந்த முகத்தோடு தேத்தண்ணி வாங்கிக் குடிப்பது என்றும் பட்டது. அறைக்குள் ஏதோ அசைந்தது போல இருந்தது. காற்றாக இருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றை அமத்தினேன். கவிதா பின்னால் மூச்சு விட்டது கேட்டது.

திரை மாறியது. மூன்று தரம் தேடிப்போயும் அகப்படாதவன் வேண்டுமென்றே ஒளித்துத் திரிகிறான் என்பது மேலிடத்தின் தீர்மானம், அதனால் டப் அதுவாகவே ஒரு முடிவைப் போட்டு வீட்டைப் பூட்டிவிடும். என்ன போட்டது என்று அம்மா கேட்டார். காட்ட மனமில்லாமல் டப்பைக் கவிழ்த்தேன். அவர் எட்டி எடுத்து, தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். சுதாகரன். பதிலளிக்க மறுத்தார். இன்னொரு தரம் வாசித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையால் தடுத்தார். இவ்வளவு காலமும் போன இடமெல்லாம் அவன் செத்துவிட்டான் என்று கையெழுத்து வைக்கச் சொன்னவைதான், அப்படியொரு ஆளைத் தெரியாது என்று சொன்னவைதான், அவன் ஒன்றைச் செய்தான் என்று எழுதினவை ஒருவரும் இல்லை என்றார். அதை ஒரு துண்டில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பேனையும் இல்லை. கவிதா தாயைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சீலையை விலக்கி, தமையனின் அறையிலிருந்து ஒரு பேனையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். ஆய்வுக் கடிதத்தின் பின்பக்கத்தில் பெயரையும் திகதியையும் போட்டு, பதிலளிக்க மறுத்தார் என்று எழுதி, கீழே என் கையெழுத்தை வைத்தேன். அம்மா அதை வாங்கி பைலில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்.

"மறுக்கிறதெண்டா ஆள் இருக்கவேணும்தானே தம்பி."

அறிக்கை அச்சாகி வந்தபோது மறுத்தவர்கள் என்கிற வரியைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். அந்த ஒன்றியத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் நான் எடுத்த அபிப்பிராயங்களில் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி பதிவானது அது ஒன்றுதான்.